இரத்தக் குழாய்கள் புற்றின் ஆழத்தை எப்படிக் காட்டுகின்றன?

கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களாகக் கிளைத்து நாஞ்சில் நாட்டு வயல்களை அடைவதுபோல, இரத்தமும் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய குழாய்கள் வழியாகவே திசுக்களுக்கு உயிர்வளியைச் சேர்க்கிறது. புதிய இரத்தக் குழாய்களின்றிப் புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என 1971இல் மருத்துவ ஆய்வாளர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்தார். உயிர்வளி குன்றிய புற்றுச் செல்கள் விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரந்து அருகிலுள்ள குழாய்களைக் கிளைக்கத் தூண்டுவது பின்னர் தெளிவாயிற்று.

இத்தகைய குழாய் மாற்றங்களை உணவுக்குழாய்ப் புற்றில் காணலாம். உணவுக்குழாயின் உட்பரப்பை ஒட்டியுள்ள தந்துகி வளையங்கள் புற்றின் தொடக்கத்தில் விரிந்து முறுக்கிக்கொள்கின்றன. புற்று ஆழ ஊடுருவும்போது வளைய வடிவம் சிதைந்து, தடித்த புதுக் குழாய்கள் தோன்றுகின்றன. உருப்பெருக்கும் எண்டோஸ்கோப்பியில் இம்மாற்றங்களைக் கண்டு ஆழத்தைக் கணிக்கும் மருத்துவர், மேற்படலத்தோடு நின்ற புற்றை மார்பைத் திறக்காமலே அகற்றிவிட முடியும். விழுங்குவதில் தடை தோன்றும் நிலையிலோ அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடுகிறது என்பது மிகவும் வருந்தத்தக்கது.