ஆழாக்கு இல்லாத அடுக்களை

புதுக்குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்குச் சீர்வரிசைப் பாத்திரங்களோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நூல்களுள் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதன்மையானது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், உறவினர்கள் ஓயாது கேட்டுவந்த செய்முறைகளை நூலாக்கி 1951இல் வெளியிட்டார். பின்னர் மூன்று பாகங்களாக விரிந்த அந்நூல், பிறந்த வீட்டைவிட்டு வெகுதொலைவு சென்ற பெண்களுக்கு அருகில் இல்லாத மூத்தோரின் இடத்தை நிரப்பியது.

இன்று அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ அடுக்குமாடி வீடொன்றில் அதன் பழைய பதிப்பைப் பிரித்துச் சமைக்க முற்படும் புதுமணத் தம்பதி முதலில் இடறுவது அளவையில்தான். எட்டு ஆழாக்கு ஒரு படி. மூன்று தோலா எடையுள்ள பலம் ஏறக்குறைய 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைப் புகுத்திய பின் இவை கடைத்தெருவிலிருந்து மெல்ல மறைந்தன. ஆயினும் விகிதம் மாறுவதில்லை என்பதால், வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு டம்ளரையே ஆழாக்காகக் கொண்டால் இட்லிக்கு நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கு பிசகாது. எலுமிச்சங்காய் அளவு புளி என்பதும் எளிதில் விளங்கிவிடும். சுண்டைக்காய் அளவு பெருங்காயம் என்பதுதான், சுண்டைக்காயை வற்றலாகப் பாக்கெட்டில் மட்டுமே கண்டவரைத் திகைக்க வைக்கும்.

அளவையைக் காட்டிலும் ஆழமான சிக்கல் தண்ணீரில் உள்ளது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் விதைவிதையாகவே நிற்பதுண்டு. கடின நீரில் மிகுந்துள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் செய்வதே இதற்குக் காரணம்; குக்கரில் இரண்டு விசில் கூட்டிவைப்பவர்கள் இந்தக் குறையை உணர்வதில்லை. பருப்பை நல்ல தண்ணீரில் வேகவை, வெந்தபின் புளியைச் சேர் என்று பெரியவர்கள் சொன்னது இங்கே முழுக்கப் பொருந்துகிறது. புளியின் அமிலமும் பெக்டின் கரைவதைத் தாமதப்படுத்தும். உப்பையும் கடைசியில்தான் போடவேண்டும் என்ற அறிவுரைக்கு அவ்வளவு வலுவில்லை, உப்பிலுள்ள சோடியம் தோலை இளக்கவே உதவுகிறது. ஆக, ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரண்டு அறிவுரைகளில் ஒன்று நிற்கிறது, மற்றொன்று தள்ளாடுகிறது.

மாக்கல்லில் குடைந்த கல்சட்டியைச் சூடான வடிகஞ்சி ஊற்றிப் பல நாள் பழக்க வேண்டும் என்பதும் சரியே. ஆனால் காந்தப் பண்பில்லாத அது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. இரும்புத் தோசைக்கல்லுக்கு அந்தத் தடை இல்லை.

பழைய அறிவுரைகள் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. ஆட்டுக்கல்லில் மாவாட்டுவதும், மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காக்கைக்குக் காவலிருப்பதும் கூட்டுக்குடும்பத்தில் பல பெண்களின் பகற்பொழுதை எடுத்துக்கொண்ட வேலைகள். அவ்வுழைப்புக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. ஆவடியில் காலை மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரல் செல்லும் ஒருத்தியிடம் அவ்வளவையும் எதிர்பார்ப்பது அநியாயம். அவ்வறிவுரைகள் மணமகனை நோக்கிப் பேசியதும் அரிது. இன்று கிரைண்டரில் மாவாட்டும் வேலையை ஞாயிறு மாலையில் கணவன் ஏற்கும் வீடுகளும் இருக்கின்றன. எவர் ஆட்டினாலும் உளுந்தோடு வரும் நுண்ணுயிரிகளே மாவைப் பொங்கவைக்கின்றன. அவை வெயிலுக்குத் துள்ளுபவை என்பதால், மே மாதத்து இரவில் விளிம்புவரை நிரப்பிய பாத்திரம் விடிவதற்குள் மேடை முழுதும் வழிந்திருக்கும். மார்கழியிலோ அதே மாவு விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும்.