ஒரு பியர் என்றால் எவ்வளவு?

நலவாழ்வுப் பக்கத்தில் பியரைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே முதலில் தயக்கம் இருந்தது. நம் சங்கத்தில் மதுவைத் தொடாத குடும்பங்கள் பல உண்டு. "எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் நாங்கள் சொல்லப்போகும் சம்பவத்தில் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டவர், வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டறியாத ஒரு அண்ணிதான். ஆகவே குடிப்பவர்கள், குடிக்காதவர்கள் இருவரும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ஹாமில்டனிலிருந்து மூன்று குடும்பங்களாக ஒரு திரையிசைக் கச்சேரிக்காக ஆக்லாந்து சென்றிருந்தோம். தங்கியது ஒடாஹுஹுவில் ஒரு நண்பர் வீட்டில். பிள்ளைகளும் பெண்களும் மதியச் சாப்பாடு முடித்துக் கச்சேரிக்குத் தயாராகிக் கொண்டிருந்தார்கள். எங்களில் நான்கு பேர், "இந்த ஊர்ப் பியர் எப்படித்தான் இருக்கிறது, பார்ப்போமே" என்று கிளம்பினோம்.

பியருக்குப் பேர்போன ஊர்

ஒடாஹுஹுவுக்கும் பியருக்கும் உறவு பழையது. டிபி நிறுவனத்தின் வைடமாட்டா ஆலை இங்கேதான் இருக்கிறது. டிபி நிறுவனத்தின் வரலாறு 1930-இல் தொடங்குகிறது. அந்த நிறுவனத்தின் மார்ட்டன் கூட்ஸ் என்பவர், பியரைத் தொட்டி தொட்டியாகக் காய்ச்சாமல் இடைவிடாமல் ஓடவிட்டுப் புளிக்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1956-இல் காப்புரிமை பெற்றார். இப்படிப் பெரிய ஆலைகளில் வந்த வழக்கமான பியர் பெரும்பாலும் 4 சதவீத ஆல்கஹால் கொண்டது. "ஒரு பியர்" என்றதும் நம் மனதில் வரும் கணக்கு இந்தப் பியரை வைத்து வந்ததுதான்.

பிறகு 2000-களின் நடுவில் 'கிராஃப்ட் பியர்' என்னும் சிற்றாலைப் பியர் இங்கே சூடுபிடித்தது. அதில் பேர் வாங்கிய எபிக் பேல் ஏல், இதே ஒடாஹுஹுவில் ஸ்டீம் பிரூயிங் ஆலையில் காய்ச்சப்பட்டதுதான். அதன் ஆல்கஹால் 5.4 சதவீதம். அவர்களுடைய ஆர்மகெடான் என்ற இன்னொரு பியரில் 6.66 சதவீதம். ஹாப்ஸ் பூக்களின் மணம், பழவாசனை, கசப்பு என்று இவற்றில் ருசிக்க நிறைய இருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ருசி கூடும்போது பல நேரங்களில் சதவீதமும் கூடிவிடுகிறது. இப்போது கடைகளில் 7, 8 சதவீதப் பியர் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதுவும் 330 மில்லி அல்ல, 440 மில்லி கேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு கூடத்தில் ஆளுக்கொரு ருசித்தட்டு வாங்கினோம். மரப்பலகையில் நான்கு சிறு கிளாஸ்கள், நான்கு வகைப் பியர். பிறகு வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு கேன். பிறகு ரயிலில் கச்சேரிக்கு. இடைவேளையில் இன்னொன்று. கார் எடுக்கக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அந்த ஒரு விஷயத்திலாவது புத்திசாலிகளாக இருந்தோம்.

அதிகாலை மூன்று மணி

கச்சேரி பிரமாதம். எங்கள் நண்பர் ஒருவர் மூன்று மணி நேரமும் உட்காரவே இல்லை, ஒரே ஆட்டம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கிளிக்லசைட் மாத்திரை எடுப்பவர். மாலை மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பாட்டை "கச்சேரி முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவிட்டார். வீடு திரும்பியதும் பிரியாணியில் இரண்டு வாய் எடுத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிட்டார்.

அதிகாலை மூன்று மணிக்கு அண்ணி எங்களை எழுப்பினார். நண்பருக்குச் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. பேச்சு குழறியது. யாரைப் பார்த்தாலும் கோபம். கிட்டப் போனால் பியர் வாசனை. "ஏறிப்போச்சு அண்ணி, தூங்கட்டும் விடுங்க" என்றுதான் நாங்கள் சொன்னோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அண்ணி விடவில்லை. "ராத்திரி படுக்கும்போது நல்லாத்தானே பேசினார்? அப்போ இல்லாத போதை இப்போ எப்படி வரும்?" என்றார். பையிலிருந்து அவருடைய சர்க்கரை மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 2.6 காட்டியது. இந்த நாட்டு அளவில் 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

நல்லவேளை, விழுங்கும் நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 4.3. உடனே இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட வைத்தோம். பிறகு ஹெல்த்லைனுக்குப் போன் செய்தோம். பேசிய நர்ஸ் பொறுமையாகக் கேட்ட கேள்விகளில் ஒன்று: "அவர் எவ்வளவு குடித்தார்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் "ரெண்டு" என்றார். இன்னொருவர் "மூணு இருக்கும்" என்றார். அண்ணியிடம் அவர் சொல்லியிருந்ததோ, "ரெண்டே ரெண்டு பியர், கொஞ்சம் டேஸ்ட் பார்த்தேன், அவ்வளவுதான்." யாரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் உண்மையும் தெரியவில்லை.

குப்பைத் தொட்டியில் கிடைத்த கணக்கு

மறுநாள் காலை காலிக் கேனை மறுசுழற்சித் தொட்டியிலிருந்து எடுத்தோம். கூடத்தின் விலைப்பலகையை ஒருவர் போனில் படம் பிடித்திருந்தார். காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

நியூசிலாந்தில் 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்றால் 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். புட்டியிலும் கேனிலும் அது எத்தனை என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சிறிய எழுத்தில், பின்பக்கம் இருக்கும். கிளாஸில் ஊற்றித் தந்தால் நாமே கணக்குப் போடலாம். லிட்டர் அளவைச் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.789-ஆல் பெருக்கினால் போதும்.

4 சதவீதம், 330 மில்லி: 1.0
5 சதவீதம், 330 மில்லி: 1.3
8 சதவீதம், 440 மில்லி: 2.8
ருசித்தட்டு, 150 மில்லி வீதம் நான்கு, சராசரி 6 சதவீதம்: 2.8
ஊரில் விற்கும் 650 மில்லி புட்டி, 5 சதவீதம்: 2.6
அதே 650 மில்லியில் 8 சதவீத 'ஸ்ட்ராங்': 4.1

நண்பர் குடித்தது ருசித்தட்டு 2.8, கேன் 2.8, கச்சேரியில் 1.3. மொத்தம் 6.9. "ரெண்டே ரெண்டு" என்றது கிட்டத்தட்ட ஏழு! 'டேஸ்ட்' என்று கணக்கிலேயே சேர்க்காத சிறு கிளாஸ்கள் மட்டும் கிட்டத்தட்ட மூன்று.

ஆபத்தைக் குறைத்துக்கொள்ள இந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்லும் அளவு இது: ஆண்கள் ஒரு நாளைக்கு 3, வாரத்துக்கு 15-க்கு மேல் வேண்டாம். பெண்கள் ஒரு நாளைக்கு 2, வாரத்துக்கு 10. விசேஷ நாளானாலும் ஒரே வேளையில் ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 4 தாண்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாளாவது குடிக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எந்த அளவும் கூடாது. இதற்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பதல்ல. மது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே வகைப்படுத்திவிட்டது. முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-இல் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. பியர் உடம்புக்குக் குளிர்ச்சி, ஒன்றும் செய்யாது என்று ஊரில் சொல்வதைப் பிள்ளைகளுக்கு நாம் கடத்த வேண்டாம்.

சர்க்கரை ஏன் இறங்கியது?

"பியர் குடித்தால் சர்க்கரை ஏறத்தானே செய்யும்?" என்று பலர் கேட்கிறார்கள். முதலில் சற்று ஏறலாம். பிறகு நடப்பதுதான் ஆபத்து. நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில், தூங்கும்போதும் கூட, கல்லீரல்தான் இரத்தத்துக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். மது உள்ளே போனால் கல்லீரல் அதைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. சர்க்கரை கொடுக்கும் வேலை பின்தங்குகிறது. இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபிசைட் போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு மருந்து ஒரு பக்கம் சர்க்கரையை இறக்க, அதை ஏற்றிவிட ஆள் இல்லாமல் போகிறது. அதோடு மூன்று மணி நேர ஆட்டம், வெறும் வயிறு. குடித்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும், மறுநாள்கூட இது வரலாம்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். ஆனால் மிக அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கும் வேறொரு ஆபத்து உண்டு. தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளுடனும் மது சேரக் கூடாது. எந்த மருந்தானாலும் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கூச்சமில்லாமல் கேளுங்கள். அவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

தாழ்சர்க்கரையும் போதையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வியர்வை, நடுக்கம், குழறல், கோபம், குழப்பம். சர்க்கரை நோயாளி ஒருவர் குடித்திருந்தால் போதை என்று முடிவு கட்டுமுன் மீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும், விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீரோ பழச்சாறோ கொடுத்துவிடுங்கள். 'டயட்' பானம் உதவாது. எழுப்ப முடியவில்லை என்றாலோ விழுங்க முடியவில்லை என்றாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 111-ஐ அழையுங்கள்.

மறுநாள் காலை கார்

கல்லீரல் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். ஸ்ட்ராங் காப்பி, குளியல், மோர், எலுமிச்சைச் சாறு எதனாலும் அதை விரைவுபடுத்த முடியாது. கச்சேரி முடிந்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி ஒருவர் 8 சதவீதக் கேன் நான்கு குடித்தால் அது 11-க்கு மேல். மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். தூங்கி எழுந்தோமே என்று பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஏறுவது எவ்வளவு பெரிய தவறு!

2014 டிசம்பர் 1 முதல் இங்கே 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வரம்பு, ஒரு லிட்டர் மூச்சில் 250 மைக்ரோகிராம். அதைத் தாண்டி 400 வரை என்றால் 200 டாலர் அபராதம், 50 டிமெரிட் புள்ளிகள். அதற்கும் மேலே போனால் நீதிமன்றம். 20 வயதுக்குக் கீழே வரம்பு பூஜ்யம். ஓட்டப் பழகும் நம் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது. நாங்கள் அன்று மதியச் சாப்பாடு வரை கிளம்பவில்லை. கார் ஓட்டியது அண்ணிதான்.

அடுத்த பயணத்துக்கு முன்

புறப்படும் முன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். ருசித்தட்டு வேண்டுமானால் இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கிளாஸ் தண்ணீர். இப்போது பூஜ்யம் சதவீதப் பியர்களும் கிடைக்கின்றன. அதைக் குடிப்பவரைக் கேலி செய்யாதீர்கள். "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் படுக்குமுன் ஒருமுறை மீட்டரில் பார்த்து, எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்த அளவை வீட்டில் ஒருவரிடமாவது உள்ளபடி சொல்லுங்கள். நம் வீடுகளில் கணவன் குறைத்துச் சொல்வதும் மனைவி கேட்காமல் விடுவதும் பழகிப்போன ஒன்று. கேட்டால் சண்டை, சொன்னால் சங்கடம். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு நர்ஸ் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அந்த மனைவிதான். கேட்பவர் சண்டைக்காகக் கேட்காமல் இருக்கட்டும். சொல்பவர் கூச்சத்தால் குறைக்காமல் இருக்கட்டும்.

ஹெல்த்லைன் 0800 611 116, இரவு பகல் எந்நேரமும், இலவசம். குடியைக் குறைக்கவோ நிறுத்தவோ நினைப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் 0800 787 797 என்ற உதவி எண்ணில் பேசலாம். இரண்டையும் இன்றே உங்கள் போனில் பதிந்துவையுங்கள்.

எங்கள் நண்பர் நலமாக இருக்கிறார். அடுத்த கச்சேரிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மீட்டரும் சாப்பாட்டு டப்பாவும் முதலில் காரில் ஏறினால்தான் அவர் ஏறலாம் என்பது அண்ணியின் உத்தரவு. இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவரும் அவர்தான். நலமுடன் வாழ்வோம்!