விளைபொருளுக்குப் பெயரும் குறியும்

நல்ல சரக்கை விளைவிப்பதில் நம் விவசாயிகள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும், களத்தைவிட்டு வண்டி புறப்பட்டதும் அச்சரக்கு இன்னார் நிலத்து விளைவு என்னும் அடையாளத்தை இழந்துவிடுகிறது. மண்டியில் நல்லதும் பொல்லாததும் ஒரே குவியலாகின்றன. விலையும் குவியலுக்கே ஏற்படுகிறது. இக்குறையைப் பிறநாட்டு விவசாயிகள் சிலர் நீக்கிக்கொண்ட விதம் நாம் அறியத்தக்கது.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் ஆரஞ்சு பயிரிட்டோர், முன்னாளில் பழத்தைக் கமிஷன் ஏஜெண்டுகளிடம் ஒப்புவித்து, ரயில் கட்டணமும் கமிஷனும் போக மிஞ்சியதைப் பெற்று வந்தனர். சில பருவங்களில் மிஞ்சியது யாதுமில்லை. கைப்பணம் கொடுத்துக் கணக்குத் தீர்க்கவும் நேர்ந்தது. இதனால் மனம் சலித்த அவர்கள் 1893-ம் வருஷத்தில் கூட்டுறவு முறையில் ஒரு விற்பனைச் சங்கம் நிறுவினர். 1907-ல் அச்சங்கம் ஐயோவா மாகாணத்தில் சோதனையாக விளம்பரம் செய்தது. அங்கு விற்பனை வெகுவாக உயர்ந்தது. மறு வருஷம் தன் முதல் தரப் பழத்துக்கு 'சன்கிஸ்ட்' என்று பெயரிட்டது. சூரியன் முத்தமிட்டது என்பது அச்சொல்லின் குறிப்பு.

பெயர் சூட்டுதல் எளிது, காப்பதே அரிது. தரத்தில் தாழ்ந்த பழத்துக்குச் சங்கம் அப்பெயரை வழங்கவில்லை. அதனை வேறு குறியிட்டு விற்றது. தன் பழத்தைத் தன் சங்கமே ஒதுக்குவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் விவசாயிக்கு இலகுவில் வருவதன்று. ஆனால் ஒருவன் தோட்டத்து வெம்பற்பழம் அப்பெயரில் போய்ச் சேர்ந்தால், வாங்கினவள் அவனை அறியாள், பெயரையே வெறுப்பாள், நஷ்டமோ அனைவருக்குமாம்.

இரண்டாவது தொல்லை கடைக்காரரால் வந்தது. பெயர் அச்சிட்ட மெல்லிய காகிதத்தில் ஒவ்வொரு பழமும் சுற்றி அனுப்பப்பட்டது. சிலர் அக்காகிதத்தைக் களைந்துவிட்டு, வேறு பழத்தையும் சன்கிஸ்ட் என்றே கூறி விற்றனர். வழக்குத் தொடுத்து மாளுமா? சங்கத்தார் வேறொரு யுக்தி செய்தனர். 12 காகித உறைகளைச் சிறு தொகையுடன் அனுப்புவோர்க்கு ஒரு கரண்டி தருவதாக விளம்பரம் செய்தனர். அதன்பின் இல்லத்தரசிகள் உறையுள்ள பழத்தையே கேட்டு வாங்கலாயினர். கடைக்காரர்களைக் கண்காணிக்கும் வேலையை வாடிக்கைக்காரர்களே செய்துவிட்டனர். 1926-ல் பழத்தின் தோல்மீதே பெயர் முத்திரையிடும் வழக்கம் வந்தது.

விளைச்சல் பெருகிய காலத்தில், 1916-ல், ஆரஞ்சைச் சாறாக்கிப் பருகும்படி ஜனங்களை ஊக்கி, சாறு பிழியும் கருவியையும் மலிவாகக் கிடைக்கச் செய்தனர். ஒரு பழம் உண்டவர் ஒரு குவளைச் சாற்றுக்கு இரண்டு மூன்று பழங்கள் வாங்க வேண்டியதாயிற்று. 1952-ல் சங்கமே 'சன்கிஸ்ட் விவசாயிகள்' என்று பெயர் மாறியது.

நம் நாட்டில் 1937-ம் வருஷத்து விளைபொருள் தரப்படுத்தல், குறியிடுதல் சட்டத்தினால் ஏற்பட்டதே 'அக்மார்க்' முத்திரை. இதனை இட விரும்புவோர் முன்னதாக அதிகாரப் பத்திரம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட சோதனைச்சாலையில் சரக்கைச் சோதிப்பித்தல் வேண்டும்.

ஊரின் பெயரையே காக்கும் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் அமலுக்கு வந்தது. இதன்கீழ் ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடாகப் பதிவாயிற்று. பதிவுக்கு விண்ணப்பித்தது மஞ்சள் வணிகர்களும் கிடங்கு உரிமையாளர்களும் அடங்கிய சங்கம் என்பதை விவசாயிகள் கவனிக்க. பதிவான பொருளை விளைவிக்கும் எவரும், அதிகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தம் பெயரைச் சேர்க்கும்படி, சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்குத் தனியே மனுச் செய்துகொள்ளலாம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைத் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பது நலம். குறியீட்டின் பதிவு 10 வருஷங்களுக்கே செல்லும். அதன் பின் புதுப்பிக்கப்பட வேண்டும்.