திடீரென மாடு இறந்தால் அறுக்காதீர்கள்: அடைப்பான் நோயும் மண்ணீரலும்

தாம்பரம், படப்பை, வண்டலூர் பகுதிகளில் ஆடு, மாடு வளர்க்கும் விவசாயிகளே, கால்நடையின் மண்ணீரலைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மாட்டின் இடது பக்கம், முதல் வயிற்றை ஒட்டி, நாக்குப் போல நீண்டு தட்டையாக இருக்கும் உறுப்பு இது. இரத்தத்தை வடிகட்டும். பழைய சிவப்பணுக்களை அழிக்கும். நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும்.

இரத்தத்தில் கிருமி பெருகும்போது மண்ணீரல் வீங்கும். உண்ணிகளால் பரவும் தைலேரியா, பபீசியா நோய்களிலும் வீக்கம் வரும். அடைப்பான் நோயில் (ஆந்த்ராக்ஸ்) அது பல மடங்கு பருத்து, உள்ளே தார் போலக் கறுத்துக் குழைந்துவிடும். ஆனால் இதைப் பார்க்க மாட்டை அறுக்கவே கூடாது.

ஏன் அறுக்கக் கூடாது?

மூடிய உடலில் அழுகலோடு இந்தக் கிருமியும் பெரும்பாலும் அழிந்துவிடும். உடலைக் கீறி இரத்தம் சிந்தினால், காற்றுப் பட்டு வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பிறகு அங்கே மேயும் மாட்டுக்கும் நோய் வரும். 'தோலாவது, கறியாவது காசாகட்டும்' என்று அறுப்பவருக்கும் தொற்றும். கையில் வலியில்லாத, நடுவில் கறுத்த புண் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இது நமக்குத் தூரத்து நோய் அல்ல. 2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான் ஒன்றுக்கு அடைப்பான் உறுதியானது.

அறிகுறிகள்

* கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நடுக்கம்; சில மணி நேரத்தில் இறப்பு
* மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம்
* வயிறு விரைவில் உப்புதல், உடல் சரியாக விறைக்காமை

செய்ய வேண்டியவை

* உடலைத் தொடாமல், நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவருக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லுங்கள். அவர் காது நுனி இரத்தத்தைக் கொண்டே சோதிப்பார்.
* உடலைத் தரையில் இழுத்துச் செல்லாதீர்கள். கிணறு, ஏரிக்குத் தொலைவில் 6 அடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.
* நோய் வந்த பகுதியில் ஆண்டுக்கொருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. மாடு நிறைசினை என்றாலோ, வேறு மருந்து எடுத்திருந்தாலோ முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு மாட்டின் இழப்போடு போகட்டும். கத்தியை எடுத்தால் இழப்பு வீட்டுக்குள்ளும் வரும்.