ஐசி இலக்கம் இரகசியமல்ல: 'அஸ்வெசும' அழைப்புகளில் கணக்கு காலியாவது எப்படி?

அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்குரிய விபரங்களைப் புதுப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் பூனாகலை, கொஸ்லந்தை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. "ஒபிஸ்ல இருந்து கோல் வந்தது. ஐசி நம்பரும் பேங்க் புக் நம்பரும் கேட்டாங்க. கொடுத்தேன். பிறகு பார்த்தால் கணக்கில் ஒன்றும் இல்லை. கார்ட் என் கையில்தான் இருக்கிறது, பின் நம்பரை யாருக்கும் சொல்லவில்லை. எப்படிப் போனது?" 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல், இந்தத் தோட்டங்கள் இருக்கும் ஊவா மாகாணத்தின் மலைச்சரிவுகளைப் புரட்டிப் போட்டது. அதன்பின் வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, நட்டஈடு, புதிய வீடு என்று படிவங்கள் பெருகின. கூடவே இந்தக் கேள்வியும் பெருகியது.

பின் இலக்கத்தைச் சொல்லாதே, சந்தேகமான இணைப்பை அழுத்தாதே என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை. வங்கிகளும் அதையேதான் சொல்கின்றன. அந்த அறிவுரையைப் பிசகாமல் பின்பற்றியவர்களும் காசை இழந்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

கார்ட் கையில் இருக்க, காசு போவது எப்படி?

கார்டே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. வங்கிக் கணக்கை நேரடியாக ஒரு கைப்பேசிச் செயலியுடன் இணைக்கலாம். அந்தச் செயலி உங்கள் வங்கியினுடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. வேறு வங்கியினுடையதாகவோ வேறொரு நிறுவனத்தின் கைப்பேசிப் பணப்பையாகவோ இருக்கலாம். கொடுப்பனவு வலையமைப்பை நடத்தும் லங்காபே நிறுவனத்தின் 'ஜஸ்ட்பே' வசதி இப்படிப்பட்டது. வசதி நல்லதுதான். மின்சாரப் பில் கட்ட ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பண்டாரவளைக்கு பஸ் ஏறும் அலைச்சல் இதனால் மிச்சமாகிறது.

இணைப்பதற்குக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை (ஐசி) இலக்கம் போன்ற சில விபரங்கள் வேண்டும். அவற்றைக் கொடுத்ததும், கணக்கில் பதிவான கைப்பேசிக்கு வங்கி ஒருமுறைக் குறியீடு ஒன்றை அனுப்பும். அதுதான் நாம் ஓடிபி என்பது. அதைச் செயலியில் போட்டதும் இணைப்பு முடிந்துவிடும். நான் கவலைப்படுவது இதற்கு அடுத்த படியைப் பற்றித்தான். இணைந்த பிறகு அந்தச் செயலியிலிருந்து காசு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் வங்கி பொதுவாகப் புதிய குறியீடு கேட்பதில்லை. செயலியைத் தன் கைப்பேசியில் வைத்திருப்பவர் தானே தெரிவுசெய்த பின் இலக்கம் போதும். உங்கள் பின் இலக்கம் அங்கே தேவையே இல்லை.

அதாவது, மோசடிக்காரர் உங்களிடம் வாங்கும் அந்த ஒருமுறைக் குறியீடு ஒரு தடவை காசு எடுப்பதற்கான அனுமதி அல்ல; உங்கள் கணக்குக்கு வெட்டிக் கொடுத்த கள்ளச்சாவி. முதல் நாள் இரண்டாயிரம் ரூபா போகும். அஸ்வெசும காசு விழும் நாளில் மிச்சமும் போகும். பயந்துபோய்க் கார்டை மாற்றினாலும் நிற்காது. இணைப்பு கணக்கோடு இருக்கிறது, கார்டோடு அல்ல.

ஐசி இலக்கத்தை மறைத்தால் போதாதா?

மறைக்க முடியாது. மறைத்தாலும் அதில் இரகசியம் எதுவும் இல்லை. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தீர்கள் என்பது. பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்படும். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள். 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 85561 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் இதே அமைப்புத்தான். ஆண்டு மட்டும் முழுதாக நான்கு எண்களில் வரும். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றுவதும் கடினமல்ல: முன்னால் 19, நாளுக்குப் பிறகு ஒரு பூச்சியம், கடைசி ஆங்கில எழுத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

இப்போது தொலைபேசியில் உங்களை யாரென்று உறுதிசெய்பவர் "ஐசி இலக்கம் என்ன? பிறந்த திகதி என்ன?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். இலக்கம் தெரிந்தவருக்குத் திகதியும் தெரியும். இதைப் 'பாதுகாப்புச் சரிபார்ப்பு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தோட்டத்தில் அந்த இலக்கம் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது? தோட்ட ஒபிஸில், சேமலாப நிதிப் படிவத்தில், கிராம சேவகரிடம், சங்கத்தில், நுண்கடன் கொடுத்தவரின் கொப்பியில், போட்டோ கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையில். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோதும் வீடிழந்தவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். பெயர், இலக்கம், குடும்ப விபரம் எல்லாம் ஒவ்வொரு உதவிக் குழுவின் தாளிலும் ஏறின. இப்போது தாளுக்குப் பதில் அட்டையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளில் தங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

"ஏன் கொடுத்தாய்?" என்று பாதிக்கப்பட்டவரைக் கடிந்துகொள்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1948 சட்டத்தால் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஒரு பகுதியினர் நாடற்றவர்களாகவே காத்திருந்த மலையகத் தோட்டச் சமூகம் இது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அட்டையை நீட்டியே உயிரைக் காத்தவர்கள். அதிகாரத் தொனியில் ஒரு குரல் ஐசி கேட்டால் தயங்காமல் கொடுப்பது இங்கே பாதுகாப்புக்காகக் கற்றுக்கொண்ட பழக்கம்.

குறியீட்டைச் சொல்லாதே என்று வங்கி எச்சரிக்கிறதே?

எச்சரிக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கணக்கை இணைக்கும் குறியீட்டுடன் வரும் குறுஞ்செய்தியில் இது எதற்கு என்றும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் இருக்கும். கைப்பேசிக்குச் சொந்தக்காரியான அக்காவுக்கு அதில் புரிவது எண்கள் மட்டும். மறுமுனையில் பேசுபவரோ நல்ல தமிழில், "அக்கா, ஒங்க காசு வந்து நிக்குது, இப்ப வந்த நம்பரச் சொன்னா ஏத்தி விட்டுருவேன்" என்கிறார். புரியும் மொழியில் மோசடியும், புரியாத மொழியில் எச்சரிக்கையும் ஒரே நிமிடத்தில் வந்தால் எது வெல்லும்? "வாடிக்கையாளரே குறியீட்டைப் பகிர்ந்தார், ஆகவே வங்கி பொறுப்பல்ல" என்ற பதில் எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தச் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. உங்கள் கிளையில் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை நினைவில் வைக்க ஒன்று: காசு வாங்குவதற்குக் குறியீடு தேவையில்லை. கணக்கு இலக்கம் போதும். குறியீடு கேட்பவர் காசு எடுக்கத்தான் கேட்கிறார்.

காசு போய்விட்டது. முதலில் என்ன செய்வது?

பொலிசுக்கு முன் வங்கி. வங்கிகளுக்கிடையே காசு நொடிகளில் மாறும் செஃப்ட்ஸ் முறை 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். கார்டின் பின்புறம் அல்லது பேங்க் புக்கில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து, "கார்டை நிறுத்துங்கள்" என்பதோடு விட்டுவிடாதீர்கள். "என் கணக்கோடு இணைக்கப்பட்ட எல்லா வெளிச் செயலிகளையும் துண்டியுங்கள், காசு போன கணக்கின் வங்கிக்கு உடனே அறிவியுங்கள்" என்று சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் கிளைக்குப் போய் அதையே கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழி முறைப்பாடு பின்னர் காணாமற்போகும்.

அடுத்தது பொலிஸ். பண்டாரவளை, ஹல்துமுல்லை, ஹப்புத்தளை ஆகியவை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆகவே வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். புரியாத மொழியில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடாதீர்கள். அழைப்பு வந்த இலக்கம், குறுஞ்செய்திகள், கணக்கு அறிக்கை எதையும் அழிக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குப் பொருந்தும்.

வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தை 1935இல் அழையுங்கள். இணையவழி மோசடி பற்றிய ஆலோசனைக்குக் கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட், 101.

மிச்சக் கேள்விகள்

*என் ஐசியில் வேறு யாராவது சிம் எடுத்திருக்கிறார்களா?* கைப்பேசியில் #132# அழுத்திப் பாருங்கள். தெரியாத இலக்கம் இருந்தால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் நீக்கச் சொல்லுங்கள்.

*என் பெயரில் கடன் எடுத்திருந்தால்?* கடன் தகவல் பணியகத்திடமிருந்து உங்கள் கடன் அறிக்கையைப் பெறலாம். வங்கிக் கிளையில் கேளுங்கள்.

*ஐசி பிரதி கொடுத்தே ஆக வேண்டுமென்றால்?* பிரதியின் குறுக்கே திகதியையும் 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்பதையும் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

*வந்த அழைப்பு உண்மையா என்று எப்படி அறிவது?* துண்டித்துவிட்டு, அஸ்வெசும என்றால் 1924க்கு நீங்களே அழையுங்கள்.

*தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே?* 2022இல் நிறைவேறியது. முக்கியப் பிரிவுகள் 2025 மார்ச்சில் அமுலாக இருந்து தள்ளிப்போடப்பட்டன.

*புதிய டிஜிட்டல் அடையாள அட்டை இதைத் தீர்க்குமா?* விரல்ரேகை ஆளை உறுதிசெய்யலாம். ஆங்கிலத்தில் வரும் குறியீட்டை அது தமிழாக்காது.

*தம்பியின் கணக்கை 'கமிஷனுக்கு' கேட்கிறார்கள், கொடுக்கலாமா?* கூடாது, களவுக் காசு அதன் வழியே போனால் பொலிஸ் முதலில் தேடுவது தம்பியைத்தான்.

*காசு திரும்பக் கிடைக்குமா?* அது போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்கினால் வாய்ப்பு உண்டு. எடுத்த பிறகு மிகக் குறைவு.