வந்தோர் கட்டிய ஊர்

“இதுவும் ஒரு ஊரே, சுவாமி?”

வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல இடம் அலைந்து, கடைசியில் கிளிநொச்சியில் குடியமர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்து பழகிய கைகள் அவருடையவை. பனங்கூடலும் கிணற்றடியும் கோயில் வீதியுமாக இருந்த தம் ஊரை மனத்திற் சுமந்துகொண்டு, ஏ-9 வீதியின் புழுதியைப் பார்த்தபடி கேட்டார். நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு நல்லூர் உண்டு. மன்னாருக்கு மடு உண்டு. திருகோணமலைக்குக் கோணேசர் மலையும் துறைமுகமும் உண்டு. கிளிநொச்சியில் கண்ணுக்குத் தெரிவன ஒரு நீண்ட வீதி, அதன் இரு மருங்கும் கடைகள், கொளுத்தும் வெயில். பஸ் நிற்கும் நேரத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகும் இடமாகவே பலர் அதை அறிவர். ஆனால் நாசரேத்தும் இத்தகைய ஊர்தான். அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேலே ஐயுற்றார் அல்லவா? ஆகவே பெயர்பெறாத ஊர்களைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்பிடாமல், நல்லதையும் கெட்டதையும் நிதானமாகப் பார்ப்போம்.

குளத்தால் வந்த ஊர்

இன்றைய கிளிநொச்சி இரணைமடுக் குளத்தால் வந்த ஊர். கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையில், 1905 இல், யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதையும் பூர்த்தியாயிற்று. குடாநாட்டிலும் தீவுப்பகுதியிலும் காணி போதாதவர்கள் பின்னர் இங்கு வந்து காடு வெட்டினர். மலேரியாவும் யானையும் அவர்களை எதிர்கொண்டன. உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் முதலிய இடங்களில் குடியேற்றங்கள் வளர்ந்தன. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இன்று இக்குளத்தை நம்பியிருக்கிறது.

1970களின் முற்பகுதியில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த வாழ்வு சரிந்தது. அதே ஆண்டின் இனவன்செயலால் வீடிழந்த மலையகக் குடும்பங்கள் பல இங்கு வந்து சேர்ந்தன. 1984 இல் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபின், கிளாலிக் கடலேரியைக் கடந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தனர்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிளிநொச்சியில் எவரிடமும் “உங்கடை பூர்வீகம் எது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேறோர் ஊரின் பெயரே வரும். எல்லோரும் ஒரு காலத்தில் வந்தவர்கள். சிலர் முந்தி வந்தார்கள், சிலர் பிந்தி வந்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

இவ்வூரின் நன்மைகள்

முதலாவது நன்மை இதிலிருந்தே பிறக்கிறது. பழைய ஊர்களில் புதிதாக வந்தவனுக்குக் கிணறும் கோயிலும் திறக்கப் பல காலம் செல்லும். இங்கு அந்தக் கதவுகள் ஓரளவு இலகுவாகத் திறந்தன.

இரண்டாவது, விழுந்தபின் எழும் பழக்கம். 1996 செப்டெம்பரில் நகரம் இராணுவத்தின் வசமாகுமுன் மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறினர். 1998 இல் நகரம் மீண்டும் கைமாறியது. 2009 ஜனவரி 2 இல் இன்னொரு முறை கைமாறியபோது அங்கே மக்களே இருக்கவில்லை. போர் முடிந்து திரும்பியவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியுமே. அந்த மண்ணில் மறுபடியும் சந்தை கூடியது. 2013 செப்டெம்பரில் ரயில் வந்தது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன.

மூன்றாவது, உழவனுக்கு உதவும் எளிமை. கச்சேரி, கமநல சேவை நிலையம், ஆஸ்பத்திரி, உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வீட்டுக்குப் போய்விடலாம்.

தீமைகளையும் மறைக்கலாகாது

வீதியோரத்தில் கண்ணாடிக் கடைகள் எழுந்துள்ளன. வாய்க்காலுக்கு அப்பால் குடிசைகளும் உள்ளன. வயற்காணி பெரும்பாலும் முந்தி வந்தவர்களிடமே இருக்கிறது. பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடியிருக்கும் மலையக வம்சாவளியினரில் பலர் பிறர் வயலில் கூலி செய்தே தலைமுறைகளைக் கழித்தனர். அவர்களை இழிபெயர் சொல்லி அழைத்தவர்களுள் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வரும் நம்மவரும் உண்டு. கிணற்றில் அள்ள விட்டோம். சமமாக இருத்தினோமா என்பதே கேள்வி.

தண்ணீரும் பிரச்சினையே. சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்கு நீர் சென்றடைவதற்குள் பயிர் வாடுகிறது. மாரியிலோ மறுதுன்பம். 2018 டிசம்பரில் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வீடும் வயலும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொடுக்கும் திட்டத்தைக் கமக்காரர் எதிர்த்தனர். குடிநீர் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. பயிருக்கு நீர் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. பின்னர் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது.

அடுத்தது கடன். அறுவடைக் காலத்தில் நெல் வீதியில் காய்கிறது. களஞ்சியம் இல்லை, கடன்காரர் வாசலில் நிற்கிறார், லொறிக்காரர் சொல்வதே விலை. போருக்குப் பின் வந்த நுண்கடன், கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களையே அதிகம் நெருக்கியது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த தாய்மாரை நான் அறிவேன்.

நம் கையில் உள்ளவை

முதலில் காணிப் பத்திரம். குடியேற்றக் காணிகளிற் பல 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துடன் வழங்கப்பட்டவை. இடப்பெயர்வில் பலர் அதைத் தொலைத்துவிட்டனர். தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று பதிவைப் பார்க்கவேண்டும். பத்திரம் உள்ளவர்கள் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்துவிடவேண்டும். பெயர் பதியாமல் இறந்தால், 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. அத்திருத்தம் ஆண், பெண் பேதத்தை நீக்கியது. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

அடுத்து கமக்காரர் அமைப்பு. சிறுபோகக் கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து முணுமுணுப்பதால் கடைக்கோடி வயலுக்கு நீர் வராது. காணி இல்லாத கூலிக் குடும்பங்களின் குரலும் ஊர்க் கூட்டங்களில் ஒலிக்க இடம்கொடுக்கவேண்டும்.

இரு ஊருக்கும் பிள்ளைகள்

பாபிலோனில் அகதிகளாக இருந்த மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் ஒரு கடிதம் அனுப்பினார். அங்கேயே வீடு கட்டி, தோட்டம் செய்து, அந்த நகரத்தின் நன்மைக்காக மன்றாடும்படி எழுதினார். திரும்பிப் போகும் நாள் வரும் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில் உண்டு. பலர் இந்த இரண்டில் ஒன்றை மறந்துவிடுகிறோம்.

இதை அந்த முதியவரிடம் பிறகொருநாள் சொன்னேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “இங்கை கத்தரி நடுறன், சுவாமி. ஆனால் அங்கத்தைக் காணிக்குக் குடுத்த மனுவைத் திருப்பி வாங்கமாட்டன்.”

வலிகாமம் வடக்கின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. அவர் மனுவும் கிடக்கிறது, கத்தரியும் காய்க்கிறது. வந்த ஊரை நேசிப்பது பிறந்த ஊரைக் கைவிடுவதாகாது.

குழுவாகச் சிந்திக்க:

1. நாம் வாழும் ஊருக்கு நமக்கு முன் வந்தவர்கள் யார்? பின் வந்தவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்?
2. நம் குழுவில் எத்தனை குடும்பங்களிடம் காணிப் பத்திரம் உண்டு? இல்லாதவர்களுக்காக இந்த மாதம் என்ன செய்யலாம்?
3. நம் வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவர் யார்? அவருக்கு நீர் போகிறதா?