தடை சரியாக இருந்தால் காதல் ஜெயிக்கும்

காதல் நாவல் படிப்பவர்களிடம் மற்றவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'கடைசியில ரெண்டு பேரும் சேரத்தான் போறாங்க. அது தெரிஞ்சும் எதுக்கு முந்நூறு பக்கம்?'

நியாயமான கேள்விதான். சேர்வார்களா மாட்டார்களா என்று தெரிந்துகொள்வதற்காகக் காதல் நாவலைத் திறப்பவர்கள் குறைவு. எது அவர்களைச் சேரவிடாமல் தடுக்கிறது, அதைத் தாண்டுவதற்குள் அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்களாக மாறுகிறார்கள் என்பதற்காகத்தான் நாம் படிக்கிறோம். முடிவு வாசகருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி; தடைதான் கதை.

இந்த மாதம் முழுக்க ஆங்கிலக் காதல் நாவல்களும் பதின்பருவத்தினருக்கான நாவல்களுமாகவே படித்தேன். சில நாவல்கள் இரவுத் தூக்கத்தைப் பறித்தன. சில பாதியிலேயே சப்பென்று ஆகிவிட்டன. பிடித்ததையும் பிடிக்காததையும் பிரித்து வைத்துப் பார்த்தபோது, நடையோ நாயகனின் அழகோ அவற்றைப் பிரிக்கவில்லை. காதலர்களுக்கு நடுவே நின்ற தடை நிஜமானதா, ஒப்புக்கு வைத்ததா என்பதுதான் பிரித்தது.

இது நானாகக் கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகை நாவலுக்கு வகுத்த இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் பமேலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலில், காதல் நாவலுக்கு இன்றியமையாத எட்டு அம்சங்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஒன்று தடை. 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரிஜுடிஸ்' இன்றுவரை சலிக்காததற்குக் காரணமும் அதுதான். அதன் நாயகன் டார்சியின் முதல் திருமணக் கோரிக்கையை நாயகி எலிசபெத் மறுக்கும்போது, அவர்களைப் பிரித்து நிறுத்துவது சொத்தும் அந்தஸ்தும் மட்டுமல்ல. இருவர் மனதிலும் ஊறிப்போன கர்வமும் முன்முடிவும்தான். இரண்டு பேரும் மாறினால் ஒழிய அந்தக் கதை நகராது.

தமிழில் ரமணிசந்திரனின் காதல் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்து, தோழிகளுக்குள் கைமாற்றிப் படித்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுபமாக முடியும் என்று தெரிந்தேதான் எல்லோரும் எடுத்தார்கள்.

ஒரே எழுத்தாளர், இரண்டு விதம்

தடையின் வேலை என்ன என்று புரிந்துகொள்ள நிக்கோலா யூனின் முதல் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் போதும்.

2015இல் வந்தது 'எவ்ரிதிங், எவ்ரிதிங்'. நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாத அரிய குறைபாடு என்பதால், நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டைவிட்டு வெளியே வராத மேடி. பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஆலி. எதிரெதிர் ஜன்னல் வழியாகவே நட்பு தொடங்குகிறது. ஆலியின் வீட்டிலிருந்து அனுப்பிய கேக்கை மேடி வீட்டில் வாங்கிக்கொள்ள முடியாமல் போக, அந்தக் கேக்கை ஜன்னலோரம் வைத்து அவன் தினம் ஒரு வேடிக்கை காட்டுவான். அந்தப் பக்கங்கள் அருமை. ஆனால் கடைசிப் பகுதியில் வரும் திருப்பம், அதுவரை நாம் நம்பிய தடையின் காலையே வாரிவிடுகிறது. தீராத நோயோடு வாழ்கிற ஒரு பெண்ணின் காதல் என்று நம்பித்தான் நாம் பின்னால் போனோம். அந்த நோயைக் கதையை முடுக்கும் விசையாக மட்டும் பயன்படுத்தியதாக, நோயோடு வாழும் வாசகர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்த ஆண்டே வந்தது 'த சன் இஸ் ஆல்ஸோ எ ஸ்டார்'. நியூயார்க்கில் ஒரே ஒரு நாளில் நடக்கும் கதை. ஜமைக்காவில் பிறந்த நடாஷாவின் குடும்பத்திடம் முறையான குடியேற்ற ஆவணங்கள் இல்லை. அன்று இரவே அவர்கள் நாட்டைவிட்டு அனுப்பப்பட இருக்கிறார்கள். டேனியல் கொரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவன், யேல் பல்கலைக்கழக நேர்காணலுக்குக் கிளம்பியவன், கவிதை எழுதுபவன். அவள் அறிவியலை நம்புகிறாள், அவன் விதியை நம்புகிறான். இவர்களுக்கு நடுவே நிற்பது ஒரு நாட்டின் சட்டம். அதை எந்தக் கடைசி நேரத் திருப்பமும் ஊதித் தள்ளிவிட முடியாது.

இதில் ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். டேனியலின் குடும்பம் கறுப்பினத்தவருக்கான தலைமுடிப் பராமரிப்புப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறது. கடைக்குள் வரும் நடாஷாவின் அடர்ந்த சுருள்முடியைப் பார்த்த டேனியலின் அப்பா, முடியை நேராக்கும் மருந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறார். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. தினமும் கறுப்பினப் பெண்களை நம்பியே பிழைக்கும் ஒரு மனிதர், ஒரு கறுப்பினப் பெண்ணை எப்படிப் பார்க்கிறார் என்பது அந்த ஒரு செய்கையில் வெளிப்பட்டுவிடுகிறது. கொரியர்கள் அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் நாவல் விட்டுவிடவில்லை. தென் கொரியாவில் 1960களில் பெருகிய விக் தொழிலில் அது போய் நிற்கிறது. காதல் கதைக்கு நடுவே இந்த வரலாறு எதற்கு என்று தோன்றவே இல்லை. இருவரையும் பிரிக்கும் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற வேலை அது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இந்த நாவல் இடம்பிடித்தது பொருத்தமே.

பேட்டரி கேட்கும் பேரன்

பதின்பருவ நாவலுக்கும் பெரியவர்களின் காதல் நாவலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பின்னதில் சுப முடிவு கட்டாயம்; முன்னதில் அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. நவீனப் பதின்பருவ இலக்கியத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளியானபோது அதை எழுதிய எஸ்.இ. ஹின்டனுக்கே பதின்பருவம் முடிந்திருக்கவில்லை. ஏழைப் பையன்களின் வாழ்க்கையை உள்ளபடி சொன்ன அந்த நாவல், எந்த ஆறுதலையும் இனாமாகக் கொடுக்கவில்லை. பதினாறு வயதில் ஒருவரின் கையில் பணமில்லை, வீடில்லை, முடிவெடுக்கும் உரிமையில்லை. அந்த வயதின் காதலுக்குத் தடையைத் தேடிப்போக வேண்டியதே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ரெயின்போ ரோவலின் 'எலினார் அண்ட் பார்க்' இதை நன்றாகப் புரிந்துகொண்ட நாவல். 1986, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம். பள்ளிப் பேருந்தில் வேறு இடம் கிடைக்காமல் பார்க்கின் பக்கத்தில் வந்து உட்காருகிறாள் எலினார். பல நாள் ஒரு வார்த்தையும் இல்லை. அவன் படிக்கும் காமிக்ஸை அவள் ஓரக்கண்ணால் படிக்கிறாள் என்று தெரிந்ததும், அவளுக்காகப் பக்கத்தை மெதுவாகப் புரட்டத் தொடங்குகிறான். அப்புறம் காமிக்ஸ் கைமாறுகிறது, பாட்டு கேசட் கைமாறுகிறது. எலினாரின் வீட்டில் தொலைபேசி கிடையாது, குளியலறைக்குக் கதவு கிடையாது, குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஒரே அறை. மாற்றாந்தந்தை வீட்டில் இருந்தால் யாரும் சத்தமாக மூச்சு விடுவதில்லை.

பாட்டு கேட்க வேண்டுமானால் அவளுக்கு பேட்டரி வேண்டும். பார்க் தன் பாட்டிக்குப் போன் செய்து, பிறந்தநாளுக்கு வேறு எதுவும் வேண்டாம், பேட்டரி மட்டும் நிறைய வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கிறான். ஒரு பதினாறு வயதுப் பையனால் இன்னொருவரின் வறுமைக்கு எதிராக என்ன செய்ய முடியுமோ அதைச் செய்கிறான். இந்த மாதம் நான் படித்த அத்தனை காதல் வசனங்களையும்விட அந்தப் பேட்டரி பெரியது.

குறையும் உண்டு. பார்க்கின் கொரிய அம்மாவைச் சித்திரித்த விதம், அவள் பேசும் ஆங்கிலம், பார்க் தன் தோற்றத்தைப் பற்றி நினைப்பவை எல்லாம் தேய்வழக்காக இருக்கின்றன என்று கொரிய அமெரிக்க வாசகர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு படிப்பதே முறை. எலினாரின் வீட்டுக்குள் காட்டிய நுட்பத்தை எழுத்தாளர் பார்க்கின் வீட்டுக்குள் காட்டவில்லை.

பாதி ருசி, பாதி இழுவை

சந்தியா மேனனின் 'வென் டிம்பிள் மெட் ரிஷி' (2017) நம் வீட்டுக் கதை போலத் தொடங்குகிறது. அமெரிக்காவில் வளர்ந்த இரண்டு இந்தியப் பிள்ளைகள். பெற்றோர்கள் பேசி வைத்துவிட்டார்கள். ரிஷிக்கு விஷயம் தெரியும், டிம்பிளுக்குத் தெரியாது. கோடிங் பயிற்சி முகாமுக்கு வந்த டிம்பிளிடம், முன்பின் அறிமுகமில்லாத ஒருவன் வருங்கால மனைவி என்று உரிமையோடு பேச வந்தால் என்ன நடக்கும்? கையிலிருந்த ஐஸ் காபி அவன்மேல் பறக்கிறது. நல்ல தொடக்கம். சர்க்கரை நோயாளியான அப்பாவை மனதில் வைத்து ஒரு செயலியை உருவாக்குவதுதான் டிம்பிளின் கனவு. ஆனால் அந்தக் கனவுக்கு நாவலில் அதிக இடமில்லை. முகாமில் கோடிங் நடப்பதைவிட நடன ஒத்திகையும் விருந்துகளும்தான் அதிகம். கல்யாணமா, லட்சியமா என்ற கேள்வியில் லட்சியத்தின் பக்கத்தை நம் கண்ணில் காட்டாவிட்டால், தராசின் ஒரு தட்டு காலியாகத்தானே இருக்கும்? தனக்குப் பிடித்த ஓவியத்துக்கும் குடும்பக் கடமைக்கும் நடுவில் ரிஷி திண்டாடுவது அதைவிட உண்மையாக வந்திருக்கிறது.

சாலி தோர்னின் 'தி ஹேட்டிங் கேம்' (2016) முதல் பாதியில் பிரமாதம். இரண்டு பதிப்பகங்கள் இணைந்ததால் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார நேர்ந்த லூசியும் ஜோஷுவாவும். அவன் நாளுக்கு ஒரு நிறமாகச் சட்டை மாற்றும் வரிசைகூட அவளுக்கு மனப்பாடம். வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு ஒருவரை இவ்வளவு கூர்ந்து கவனிப்பது எதனால் என்று வாசகருக்கு முன்பே புரிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் சுகம். பிறகு ஒரு பதவி உயர்வுக்கு இருவரும் போட்டியிடுகிறார்கள். ஜெயிப்பவர் மற்றவருக்கு மேலதிகாரி. இது நிஜமான தடை. வேலையும் மானமும் காதலும் ஒரே முடிச்சில் சிக்கியிருக்கின்றன. ஆனால் அந்த முடிச்சை இருவரும் சேர்ந்து போராடி அவிழ்ப்பதற்குள், கதை அதைச் சுலபமாகத் தளர்த்திவிடுகிறது. முதல் பாதிக்காகப் படிக்கலாம்.

எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) அப்படி ஏமாற்றவில்லை. ஜனவரி காதல் நாவலாசிரியை. அப்பா இறந்த பிறகு, அவருக்கு இன்னொரு பெண்ணோடு உறவு இருந்தது தெரிகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் அவர் விட்டுச்சென்ற வீடும் அவள் தலையில் விழுகிறது. தன் பெற்றோரின் காதலை நம்பி எழுத வந்தவளால் இப்போது ஒரு வரி எழுத முடியவில்லை. பக்கத்து வீட்டில் கல்லூரிக் காலத்துப் போட்டியாளன் அகஸ்டஸ், தீவிர இலக்கியம் எழுதுபவன். அவனும் முடங்கிக் கிடக்கிறான். அவள் எழுதும் வகையை அவனும், அவன் எழுதும் வகையை அவளும் எழுதுவது என்று பந்தயம். அவள் அவனைக் காதல் படத்தில் வருவது போன்ற இடங்களுக்கு அழைத்துப் போகிறாள். அவன் அவளை, ஒரு மதக்குழுவின் பிடியிலிருந்து தப்பியவர்களைப் பேட்டி எடுக்க அழைத்துப் போகிறான். இங்கே தடை வெளியில் இல்லை. சந்தோஷமான முடிவை நம்பலாமா என்பதுதான் தடை. காதல் நாவலைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வியையே ஒரு காதல் நாவல் தனக்குள் வாங்கி, நிதானமாகப் பதில் சொல்கிறது.

அட்டையில் பூ, உள்ளே காயம்

ஒரு நாவலைப் பற்றி மட்டும் பெற்றோர்களும் பிள்ளைகளும் சேர்ந்து யோசிக்க வேண்டும். கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016இல் வந்தது. சில ஆண்டுகள் கழித்து டிக்டாக் வாசகர்களால் மறுபடி எழுந்து விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. பாஸ்டனில் பூக்கடை வைக்கும் லிலி, அவள் காதலித்து மணக்கும் அறுவை சிகிச்சை நிபுணர் ரைல், அவன் ஓங்கும் கை. தன் தாயின் வாழ்க்கையே இதற்குத் தூண்டுதல் என்று ஹூவர் சொல்லியிருக்கிறார். அடிக்கிற கணவனைவிட்டு ஏன் ஒரு பெண்ணால் உடனே வெளியே வர முடிவதில்லை என்பதை இந்த நாவல் உள்ளிருந்து காட்டுகிறது. அது இதன் பலம்.

ஆனால் இது பூப்போட்ட அட்டையோடு, இனிமையான காதல் கதைகளின் வரிசையில் விற்கப்படுகிறது. 2023இல் இதையொட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றுகூட அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. பதினான்கு வயதுப் பெண் இதைக் காதல் கதையாக நினைத்து எடுத்தால், முதல் நூறு பக்கத்தில் ரைலின் மூர்க்கத்தை வேகமான காதல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. காதலுக்கான தடையும் காதலனும் ஒரே ஆளாக இருக்கும்போது, அதைத் தாண்டிச் சேர்வது சுப முடிவே ஆகாது. அந்த வித்தியாசத்தை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்துவைப்பதால் அந்தப் பேச்சு நடக்காது.

பிள்ளைகளுக்கு முதல் காதல் நாவலாக எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், ஜென்னி ஹானின் 'டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்' (2014) என்பேன். அனுப்பாமல் வைத்திருந்த காதல் கடிதங்கள் எப்படியோ உரியவர்களின் கைக்குப் போய்விடுகிற கதை. அதில் வரும் பொய்க் காதல் ஒப்பந்தம் விளையாட்டுத்தனமானது. தாயை இழந்த மூன்று சகோதரிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதுதான் நாவலின் உயிர். காதலிக்கத் தொடங்கும் வயதில் வீடு கைவிடாது என்ற நம்பிக்கையை அது தருகிறது.

இந்த வகை நாவல்களைப் 'பொழுதுபோக்கு' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்களும் சரி, எது கிடைத்தாலும் கொண்டாடுபவர்களும் சரி, ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே நல்லதையும் சுமாரானதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஒரு காதல் நாவல் சலிப்பூட்டினால், கணவனும் மனைவியுமோ காதலர்களோ ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். தீர்ந்துவிடும் என்றால் தயங்காமல் மூடிவையுங்கள். பேசியும் தீராது, இருவரும் மாறினால்தான் தீரும் அல்லது உலகம் மாறினால்தான் தீரும் என்றால், தொடர்ந்து படியுங்கள். அவர்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்கள் நேரம் வீணாகாது.